இருபது சென்டிமீட்டர் ஆழத்தில்: மெட்டல் டிடெக்டர்காரர்கள் எதைத் தேடுகிறார்கள்?

அறுவடை முடிந்து உழுது போட்ட வயல். காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவர் கையில் நீளமான தண்டோடு மெல்ல நடந்துகொண்டிருக்கிறார். தண்டின் அடியில் தட்டு மாதிரி வட்டமான ஒரு சுருள். அதைத் தரையில் இடிக்காமல், தரையை ஒட்டினாற்போல் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியைத் தொட்டுக்கொண்டு போகிறது. நாலு மணி நேரம் கழித்து இடுப்புப் பையைக் கவிழ்த்தால் துருப்பிடித்த ஆணிகள், தோட்டாவின் பித்தளை அடிப்பகுதி, கசங்கிய அலுமினியத் தாள், பான டின்னைத் திறக்கும்போது கழன்று வரும் வளையம், கடைசியாக ஒரு பொத்தான். மற்றதையெல்லாம் குப்பைக்கென்று ஒதுக்கிவிட்டு, அந்தப் பொத்தானை மட்டும் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

வெளியே நின்று பார்க்கிறவர்கள் இவர்களிடம் முதலில் கேட்பது, "இதுவரை என்ன கிடைத்தது? எவ்வளவு தேறும்?" என்றுதான். புதையல் ஆசையே கிடையாது என்று ஒரு டிடெக்டர்காரர் சொன்னால் அதை முழுதாக நம்ப வேண்டியதில்லை. மனதின் ஒரு மூலையில் அது எல்லோருக்கும் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி வந்தவர்கள் சில மாதங்களிலேயே கருவியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பத்து, இருபது வருடம் என்று சேற்றிலும் குளிரிலும் நடப்பவர்களைப் பிடித்து வைத்திருப்பது வேறொன்று. அது என்னவென்று விளங்க, முதலில் அந்தக் கருவி காதில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சுருளுக்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கும். ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்து மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் எதாவது இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கும். அவை பதிலுக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்பும். இரண்டாவது சுற்று அந்தப் பதிலைப் பிடிக்கிறது. பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பது உலோகத்துக்கு உலோகம் மாறும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் வெள்ளிக்கு ஒரு விதம், மெல்லிய அலுமினியத் தாளுக்கு ஒரு விதம், இரும்புக்கு இன்னொரு விதம். இந்த வித்தியாசத்தைத்தான் கருவி ஒலியாக மாற்றித் தருகிறது. பெரும்பாலான கருவிகளில் இரும்புக்குக் கனத்த உறுமல்; வெள்ளிக் காசுக்குக் கூர்மையான, மேலே ஏறும் ஒலி.

இதில்தான் சிக்கலும் இருக்கிறது. சின்னத் தங்க மோதிரமும் பான டின்னின் வளையமும் கருவிக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பேசும். குப்பை வேண்டாம் என்று அந்த ஒலியைக் கருவியில் அடைத்துவிட்டால் தங்கமும் சேர்ந்து ஊமையாகிவிடும். அதனால் அனுபவப்பட்டவர்கள் குப்பைச் சத்தத்தையும் தோண்டுகிறார்கள். நூறு வளையம் எடுத்தவருக்கு நூற்றியோராவது வளையமும் வளையமாகவே வரக்கூடும் என்று தெரியும். தெரிந்துதான் குனிகிறார்.

இந்தத் தொழில்நுட்பத்தின் தொடக்கமே ஒரு தோல்விதான். 1881இல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். குண்டு உடம்பில் எங்கே தங்கியிருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தானே ஒரு கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு வந்தார். வேறு இடங்களில் சோதித்தபோது சரியாக வேலை செய்த கருவி அங்கே காலை வாரிவிட்டது. படுக்கையில் இருந்த உலோகக் கம்பிகள் குழப்பியிருக்கலாம் என்பார்கள். அதோடு, தலைமை மருத்துவர் வலப்பக்கத்தைத்தான் சோதிக்க விட்டார். குண்டு இடப்பக்கத்தில் இருந்தது என்பது கார்ஃபீல்ட் இறந்த பிறகு நடந்த பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. தவறான இடத்தில் தேடினால் எவ்வளவு நல்ல கருவியும் வீண் என்பதை அன்றே அது காட்டிவிட்டது. அப்புறம் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கெர்ஹார்ட் ஃபிஷர், 1937இல் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி டிடெக்டர், 1942இல் எகிப்தின் எல் அலமெய்ன் சண்டையில் பாதை திறக்க உதவியது. போர் முடிந்து, ராணுவம் கழித்துக்கட்டிய டிடெக்டர்கள் சந்தைக்கு வந்தன. உயிரைக் காக்க நிலத்தைத் துழாவிய கருவி இப்படித்தான் பொழுதுபோக்காளர்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

சரி, சத்தம் கேட்கிறது. அடுத்து என்ன?

அனுபவசாலி உடனே தோண்ட மாட்டார். ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து, வேறு கோணத்திலிருந்து சுருளை வீசிப் பார்ப்பார். இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரி, வட்டமாக, சுத்தமாகச் சத்தம் வந்தால் நல்ல அறிகுறி. ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் கரகரவென்றும் கேட்டால் வளைந்த ஆணியாக இருக்கலாம். ஒருவேளை ஆணிக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் காசாகவும் இருக்கலாம். இந்த 'இருக்கலாம்' என்ற இடத்தில்தான் வருடக்கணக்கான பழக்கம் வேலை செய்கிறது. தேர்ந்தவர்கள் திரையில் வரும் எண்ணைவிடக் காதைத்தான் அதிகம் நம்புவார்கள்.

அதன் பிறகு, புல்தரையாக இருந்தால் மண்வெட்டியால் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டுவிட்டு, வேரோடு அந்தப் புல்கட்டியைப் புரட்டி வைப்பார்கள். சாதாரணக் கருவி ஒரு காசைப் பிடிக்கும் ஆழம் பெரும்பாலும் 15, 20 சென்டிமீட்டர்தான். அதாவது ஏர் புரட்டிப் போடும் மேல்மண். பேனா அளவிலான சிறு கருவியைக் குழிக்குள் விட்டு, விரலால் மண்ணைக் கிளறும்போது பச்சையாக ஒரு விளிம்பு தெரிகிறது. இங்கே எல்லோரும் செய்யத் துடிப்பதும் செய்யவே கூடாததும் ஒன்றுதான்: கட்டை விரலால் அழுத்தித் தேய்ப்பது. காசின் மேல் ஒட்டியிருக்கும் மணல் துகள், ஆயிரம் வருடம் தப்பிப் பிழைத்த எழுத்தை ஒரே தேய்ப்பில் அழித்துவிடும். எடுத்த பின் குழியை மூடி, புல்கட்டியை மடித்து வைத்து, காலால் அமுக்கிவிட்டு நகர்வார்கள். திரும்பிப் பார்த்தால் அங்கே யாரும் குனிந்த தடமே தெரியக் கூடாது. ஒரு டிடெக்டர்காரரின் தரத்தை, எடுத்த பொருளைக் காட்டிலும் மூடிய குழி நன்றாகச் சொல்லிவிடும் என்பது என் எண்ணம்.

கையில் வந்தது தையல்காரர்கள் விரல்நுனியில் மாட்டிக்கொள்ளும் சிறு உலோக உறை என்று வைத்துக்கொள்வோம். வயலில் அடிக்கடி கிடைப்பதுதான்; விலைக்குப் போகாது. ஆனால் அதை உற்றுப் பார்க்க வேண்டும். ஊசியின் தலை நழுவாமல் இருக்க அடித்த சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருக்கும். பழைய கைவேலையாக இருந்தால் வரிசை கொஞ்சம் கோணலாக, ஒரு பக்கம் நெருங்கி, ஒரு பக்கம் விலகிப் போகும். ஓரிடத்தில் ஊசி குத்திக் குத்தி ஓட்டையே விழுந்திருக்கலாம். அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒரு விரல் இருந்தது. அது தொலைந்த அன்று யாரோ தேடியிருக்கிறார்கள், கிடைக்காமல் வீடு திரும்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அதைத் தொடும் முதல் கை இன்றைக்கு இந்தக் குழிக்குள் இருக்கும் கை.

இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அரசர்கள் செதுக்கி வைத்துவிட்டுப் போனதைப் பார்க்க அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. பெயர் தெரியாத ஒருவர் அறியாமல் நழுவவிட்டதைப் பார்க்க இப்படிக் குனிய வேண்டியிருக்கிறது. பொத்தான், பெல்ட் கொக்கி, ஈயக் குண்டு, சந்தைக்குப் போகும் வழியில் மடியிலிருந்து விழுந்த காசு: இவை யாரும் வரலாற்றுக்கென்று எழுதி வைத்தவை அல்ல.

ஒரு பொருள் தொலைந்த கணத்தைத் தேடுகிறவருக்கு, அது கிடந்த இடம் பொருளுக்குச் சமமான முக்கியம். இடத்தை அழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் உலோகம். இது டிடெக்டர்காரர்களுக்கு எளிதில் வந்த பாடமில்லை. 1980இல் பிரிட்டனில் தொல்லியலாளர்கள் இந்தப் பொழுதுபோக்குக்கு எதிராகப் பெரிய பிரசாரமே நடத்தினார்கள். அதே பத்தாண்டில் வான்பரோ என்ற ரோமானியக் கோயில் தளத்தை டிடெக்டரோடு வந்த சிலர் இரவோடு இரவாகத் தோண்டி, எண்ணற்ற காசுகளைக் கொள்ளையடித்தார்கள். இரு தரப்புக்கும் நடுவே கசப்புதான் இருந்தது.

அந்தக் கசப்பு மாறிய கதையில் மறக்க முடியாத நாள் 1992 நவம்பர் 16. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஹாக்ஸன் கிராமத்து விவசாயி ஒருவரின் சுத்தியல் வயலில் தொலைந்துவிட்டது. அவருடைய நண்பர் எரிக் லாஸிடம் டிடெக்டர் இருந்தது; பணி ஓய்வுக்குப் பரிசாக வந்தது. சுத்தியலைத் தேடப் போன இடத்தில் வெள்ளிக் கரண்டிகளும் தங்க நகைகளும் காசுகளும் வந்துகொண்டே இருந்தன. கொஞ்சம் எடுத்தார். அப்புறம் நிறுத்திவிட்டார். தகவல் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னார். மறுநாளே தொல்லியல் குழு வந்து தோண்டியது. 14,865 ரோமானியக் காசுகள். கூடவே சுமார் 200 தங்க, வெள்ளிப் பொருட்கள். லாஸ் நிறுத்தியதால் என்ன மிஞ்சியது என்பதுதான் பெரிய விஷயம். எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள், சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்து அடுக்கியிருந்தது என்பதும், அந்தச் சிறு பெட்டிகளுக்குக் குட்டி வெள்ளிப் பூட்டுகள் இருந்தன என்பதும் தெரிய வந்தது. மரம் மக்கிப்போயிருந்தது. எது எதோடு சேர்ந்து கிடந்தது என்ற ஒழுங்கு மட்டும் மண்ணில் அப்படியே இருந்தது. ஒரு மணி நேரம் கூடத் தோண்டியிருந்தால் அந்த ஒழுங்கு போயிருக்கும். யாரோ பதறி ஓடும் நேரத்தில் அள்ளிப் புதைத்ததாக இல்லாமல், ஒரு செல்வக் குடும்பம் நிதானமாக, பிரித்து அடுக்கி வைத்த பொருள் என்று இன்று நாம் பேச முடிகிறது.

2010 ஏப்ரலில் சாமர்செட் பகுதியில், ஃப்ரூம் ஊருக்கு அருகே டேவ் க்ரிஸ்ப் என்பவர் இதையே இன்னும் தெளிவாகச் செய்தார். மருத்துவமனையில் சமையல் வேலை பார்த்தவர். குழிக்குள் ஒரு பானையின் விளிம்பும் காசுகளும் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டு, குழியை மூடிவிட்டு வந்தார். கைக்கு எட்டும் தூரத்தில் 52,503 ரோமானியக் காசுகள். எடையில் சுமார் 160 கிலோ. தொல்லியலாளர்கள் வந்து பானையை அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்தார்கள். உண்டியலில் சேர்ப்பது போல வருடம் வருடமாகப் போட்டு வந்திருந்தால் கடைசிக் காலத்துக் காசுகள் மேலே இருந்திருக்க வேண்டும். ஆனால் காலத்தால் பிந்திய கராசியஸ் மன்னனின் காசுகள் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில்தான் கிடந்தன. அப்படியென்றால் ஒரே தடவையில் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். பானையோ இவ்வளவு கனத்தைத் தூக்கித் தாங்காது. முதலில் மண்ணில் பதித்துவிட்டுத்தான் நிரப்பியிருக்க வேண்டும். திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லாமல், தெய்வத்துக்குக் காணிக்கையாகச் சமூகமே சேர்ந்து இட்டதோ என்ற கேள்வி அதிலிருந்து பிறந்தது. க்ரிஸ்ப் அவசரப்பட்டு வாளியில் அள்ளியிருந்தாலும் அதே காசுகள்தான் கிடைத்திருக்கும். இந்தக் கேள்வி கிடைத்திருக்காது.

அப்படி நிறுத்துவதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஆயுள் முழுக்கக் காத்திருந்த சத்தம் காதில் கேட்கிறது, விரல்நுனியில் வெள்ளி தட்டுப்படுகிறது, சுற்றிலும் யாருமில்லை. இந்தக் கூட்டத்தில் உண்மையான மரியாதை அந்த நிமிடத்தில் எழுந்து நின்றவர்களுக்குத்தான்.

சட்டமும் அவர்களுக்குத் துணையாக வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையல் என்ற வரையறைக்குள் வரும் பொருளை 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால் மதிப்பிட்ட தொகை, வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பிரித்துத் தரப்படும். புதையல் அல்லாத பொத்தானையும் கொக்கியையும் பதிவு செய்ய 1997இல் தனித் திட்டம் ஒன்று வந்தது. அதில் இப்போது 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், இடக் குறிப்போடு இருக்கின்றன. டென்மார்க்கில் இந்த உறவு இன்னும் இணக்கமானது. 2020இல் விண்டலெவ் என்ற இடத்தில் ஒருவர் புதுக் கருவியோடு முதன்முதலாக இறங்கிக் கிட்டத்தட்ட ஒரு கிலோ தங்கத்தைக் கண்டு தகவல் சொன்னார். அதிலிருந்த ஒரு பதக்கத்தில்தான் வட ஐரோப்பியர்களின் பழைய கடவுள் ஓடினின் பெயர் எழுதப்பட்ட மிகப் பழைய சான்று, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 2023இல் படிக்கப்பட்டது. இன்னொரு பக்கம் அயர்லாந்தும் பிரான்சும், அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடுவதைத் தடுத்திருக்கின்றன. எந்த நாடாக இருந்தாலும் நில உரிமையாளரின் சம்மதமும் அந்த ஊர்ச் சட்டமும் தெரியாமல் சுருளைத் தரையில் வைக்கவே கூடாது.

நிறுத்தாதவர்களின் கதையும் உண்டு. 2015ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வைக்கிங் காலத்துப் புதையல்கள் இரண்டு, சில மாத இடைவெளியில் கிடைத்தன. இரண்டிலும் மிக அரிதான ஒரே வகைக் காசு: இரண்டு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கும் உருவம். அன்றைய இங்கிலாந்தின் இரு அரசுகளில், வெசெக்ஸ் மன்னன் ஆல்ஃபிரட், மெர்சியா மன்னன் இரண்டாம் சியோல்வுல்ஃப் இருவர் பெயரிலும் அது அச்சாகியிருந்தது. அக்கால வரலாற்றுக் குறிப்பு சியோல்வுல்ஃபைப் புத்தியில்லாத கைப்பாவை என்று ஒதுக்கிவிடுகிறது. காசுகளோ இருவரும் கூட்டாளிகளாக இருந்தார்கள் என்கின்றன. ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் வாட்லிங்டன் அருகே கிடைத்ததைக் கண்டெடுத்தவர் உடனே தெரிவித்தார்; அது மண்கட்டியோடு எடுக்கப்பட்டு, இன்று அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் முழுமையாக இருக்கிறது. ஹெரிஃபர்ட்ஷயரில் கிடைத்ததை எடுத்த இருவர் யாருக்கும் சொல்லாமல் விற்றார்கள். 2019இல் சிறைக்குப் போனார்கள். அங்கே சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்கிறார்கள். வழக்கின்போது மீட்க முடிந்தது ஏறக்குறைய 30. மற்றவை எங்கேயோ யாருடைய அலமாரியிலோ, எங்கிருந்து வந்தன என்று சொல்ல வாயில்லாமல் கிடக்கின்றன. முறைப்படி சொல்லியிருந்தால் அவர்களுக்கே பெரும் தொகை வந்திருக்கும் என்பதைவிட, ஒரு மன்னனின் பெயரைத் திருத்தும் வாய்ப்பில் பாதியை அவர்கள் அழித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இடம்தான் எல்லாம் என்பதைப் போர்க்களங்கள் போல எதுவும் காட்டுவதில்லை. அங்கே தங்கம் வேண்டாம், ஈயமே போதும். கி.பி. 9இல் ரோமின் மூன்று லீஜியன் படைகள் அழிந்த இடம் எது என்று ஜெர்மனியில் நூற்றாண்டுகளாக வாதம் நடந்தது. 1987இல் அங்கே பணியிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டோனி க்ளன், உள்ளூர்த் தொல்லியலாளரிடம் சொல்லிவிட்டு, அவர் காட்டிய பகுதியில் தேடினார். ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. காசு மட்டும் என்றால் வணிகர் தொலைத்ததாகவும் இருக்கலாம். அடுத்த ஆண்டு கிடைத்தவைதான் கதையை மாற்றின: கவணில் வைத்து எறியும் ஈயக் குண்டுகள் மூன்று. அவை படைவீரர்களுடையவை. அந்தக் கால்கிரீசெ பகுதியே போர்க்களம் என்று இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள்.

அமெரிக்காவில் ராணுவ அதிகாரி கஸ்டரின் படை 1876இல் பூர்வகுடி வீரர்களிடம் வீழ்ந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தில், 1983இல் காட்டுத்தீ புல்லையெல்லாம் எரித்துவிட்டது. அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் டிடெக்டர் பழகிய தன்னார்வலர்களை வரிசையாக நடக்க வைத்தார்கள். சத்தம் கேட்ட இடத்திலெல்லாம் ஒரு சிறு கொடி. அளந்து குறிக்காமல் எதையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு துப்பாக்கியும் தோட்டாவின் அடியில் தனக்கே உரிய தழும்பைப் பதிக்கும் என்பதால், ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கோடு போட்டுக் காட்ட முடிந்தது. வென்ற பூர்வகுடி வீரர்களின் சொற்கள் அதுவரை அதிகம் மதிக்கப்படவில்லை. அவர்கள் சொன்னவற்றில் பலவற்றைத் தோட்டாக்கள் உறுதிப்படுத்தின.

இத்தனைக்கும் பெரும்பாலான நாட்கள் வெறும் கையோடு போகின்றன. ஜெர்சித் தீவில் ரெக் மீட், ரிச்சர்ட் மைல்ஸ் என்ற இருவர், ஒரு வயலில் முன்பு வெள்ளிப் பொத்தான் மாதிரிக் காசுகள் கிடைத்ததாக ஒரு பெண் சொன்னதைக் கேட்டுத் தேடத் தொடங்கினார்கள். அறுவடைக்குப் பின் வருடத்தில் சில மணி நேரம்தான் அனுமதி. அப்படியே முப்பது ஆண்டுகள். 2012இல் கிட்டத்தட்ட 70,000 காசுகள் ஒன்றோடொன்று இறுகிய ஒரே பாளமாகக் கிடைத்தன. கிடைக்காமல் போயிருந்தால் அவர்கள் முப்பத்தோராவது வருடமும் போயிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொரு வேலையும் இவர்களில் பலர் செய்கிறார்கள். செய்திகளில் அதிகம் வராது. கடற்கரையிலோ புல்வெளியிலோ திருமண மோதிரத்தைத் தொலைத்தவர் கூப்பிட்டால் கருவியோடு போவது. எங்கே நின்றீர்கள், எந்தக் கையை உதறினீர்கள் என்று கேட்டுக்கொண்டு, கயிறு கட்டி நிலத்தைப் பத்திகளாகப் பிரித்துக்கொண்டு நடப்பார்கள். தொலைத்தவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற நாட்களில் கிடைக்கும் விரலுறையையும் பொத்தானையும் திருப்பிக் கொடுக்க ஆள் கிடையாது. இங்கே கை நீட்டி வாங்கிக்கொள்ள ஒருவர் நிற்கிறார்.

ஹாக்ஸன் வயலில் எரிக் லாஸ் அன்று போனதும் இப்படி ஒரு வேலைக்குத்தான். அந்தச் சுத்தியலும் பிறகு கிடைத்தது. இப்போது அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.